நாற்பத்தொன்றாவது பொருள்

ஜனவரி 12

சின்னவளுக்கு,

யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிட்டு, பிறகு நலம் விசாரிக்கிறேன். இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. நேற்றுக் கூட்டத்துக்கு வந்தவர்கள்: தலைவராகப் பள்ளிக்கூடத்துப் பெரிய சார், நகராட்சி எழுத்தர், மருந்துக்கடைக்காரரின் மகள், ஒயரிங் வேலைக்காரர், இளைஞர்கள் தரப்பில் மூன்று பேர், அவர்களில் தலைவிப் பெண்ணுக்கு ‘ரேடியோ’ என்று பட்டப்பெயர், ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது, உன் அண்ணன், நான். மொத்தம் ஒன்பது.

கூடிய இடம் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். ஆமாம், நீ வேலை பார்த்த அதே கட்டடம்தான். புது எக்ஸ்சேஞ்ச் வந்ததிலிருந்து பூட்டிக் கிடந்ததை இளைஞர் மன்றமாக மாற்ற நகராட்சி ஒருவழியாக ஒத்துக்கொண்டது. கீழே விளையாட்டு அறையும் படிப்பறையும். மேலே, நீங்களெல்லாம் உட்கார்ந்து இணைப்புக் கொடுத்த போர்டு அறையில், பாட்டும் நாடகமும் பழக இடம். நடவடிக்கைக் குறிப்பு எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். “ஐந்தாம் வகுப்போட நின்னவ நான், என்னை விடுங்க” என்றேன். “ஆன்ட்டி, நாங்க காலேஜ் போயும் எங்க எழுத்தை எங்களாலயே படிக்க முடியல. நீங்கதான் எழுதுறீங்க, முடிஞ்சுது” என்றது ரேடியோ.

அங்கே வேலை செய்த ஆபரேட்டர்களின் பெயர்களை எழுதி வாசலில் ஒரு பலகை வைக்க வேண்டும் என்று இளைஞர்களுக்கு ஆசை. உன் அண்ணன் பலகை செய்து தருகிறார். உன் பெயரைப் பற்றியும் பேச்சு வந்தது. அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நானும் உன் அண்ணனும் நலம். கும்பிட்டு எழும்போது உன் பெயரைச் சொல்லாமல் ஒரு நாளும் எழுந்ததில்லை.

அண்ணி


ஜனவரி 27

அண்ணிக்கு,

நலம். முழங்கால் மாடிப்படியில் மட்டும்தான் தன்னை ஞாபகப்படுத்துகிறது. ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் என்னைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். போர்வை எண்ணுகிறவள் எதற்கு மாடி ஏற வேண்டும் என்று இத்தனை வருஷம் கழித்து யாருக்கோ தோன்றியிருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெண் எனக்கு ஒரு போன் வாங்கித் தருகிறேன் என்கிறாள். வேண்டாம் என்றேன். இரண்டு பேர் பேசினால் நடுவில் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் என்கிற நினைப்பு எனக்குப் போகவே இல்லை. கடிதம் போதும்.

போர்டு அறைக்கு மேற்குப் பக்க ஜன்னல் வழியாகச் சாரல் அடிக்கும். நாடகம் போடுகிறவர்கள் முதலில் அதற்கு ஒரு கொக்கி போடட்டும்.

என் பெயரைப் பற்றி என்ன பேசினார்கள்? அண்ணன் என்ன சொன்னார்? அவர் என்னிடம் பேசி இருபத்தேழு வருஷம் ஆகிறது. என்னைப் பற்றிப் பேசியதையாவது தெரிந்துகொள்கிறேன்.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னவள்


பிப்ரவரி 20

சின்னவளுக்கு,

உன் கடிதம் கண்டேன். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதை நிறுத்திவிடாதே. எனக்குக் கொஞ்ச நாளாகத் தூக்கம் சரியில்லை, வேறு ஒன்றுமில்லை.

நீ கேட்டதால் எழுதுகிறேன், கோபப்படாதே. எழுத்தர் பழைய பட்டியலை வாசித்தார். ஆபரேட்டர்கள் எட்டுப் பேர். எட்டாவது பெயரில் வந்து நின்றார். “இந்தம்மாவுக்கு நேரா பணி நீக்கம்னு போட்டிருக்கு. டிரங்க் கால் பேசினதை ஒட்டுக்கேட்டு வெளியில சொல்லிட்டாங்களாம்” என்றார். அந்த டிரங்க் கால் யாரைப் பற்றியது என்று இளைஞர்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அவளே எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

உன் அண்ணன் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே, “ஏழு போதும். பலகையை ஏழு வரிக்கு அறுத்துக்கறேன்” என்றார். நிமிரவே இல்லை.

மருந்துக்கடைக்காரர் மகள்தான் பேசினாள். “எட்டாவதையும் போடுங்க சார். எனக்கு வலிப்பு இருக்குன்னு டாக்டர் அப்பாகிட்ட போன்ல சொன்னாரு. நாலு நாள்ல ஊருக்கே தெரிஞ்சுபோச்சு, கல்யாணம் நின்னுச்சு. அப்பா புகார் கொடுத்தாரு, அவங்க வேலை போச்சு. அப்பாவும் போய்ச் சேர்ந்தாச்சு. நான் அவங்களை எப்பவோ மன்னிச்சுட்டேன்” என்றாள். அவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை, உனக்குத் தெரியுமே. கடையை அவள்தான் நடத்துகிறாள். மன்றத்துக்குப் பெயின்ட் முழுக்க அவள் கொடுத்ததுதான்.

கடைசியில் பெரிய சார் ஒரு தீர்மானம் சொன்னார். நீ வருத்தம் தெரிவித்து ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பெயரைப் போடலாம். அதை உன்னிடம் கேட்டு வாங்கும் பொறுப்பு எனக்கு. ஒரே ஒரு வரி போதும், சின்னவளே. ‘நடந்ததற்கு வருந்துகிறேன்’ என்று. என்ன நடந்தது என்று எழுத வேண்டியதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. உன்னை வேண்டுதலில் வைத்திருக்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 6

அண்ணிக்கு,

இங்கே நலம். நீங்களும் அண்ணனும் நலமா? தூக்கம் வருகிறதா?

உங்கள் கடிதத்தை அலமாரியில் வைத்து எடுத்து வைத்து எடுத்து, இத்தனை நாள் ஆகிவிட்டது. இடையில் கிடங்கில் ஒரு கூத்து. நூற்றிருபது போர்வை இருக்க வேண்டிய இடத்தில் நூற்றிருபத்தொன்று இருந்தது. குறைந்தால் எங்கே போனது என்று தேடலாம். கூடினால் யாரிடம் போய்க் கேட்பது? மேஸ்திரி என்னையே முறைத்துப் பார்த்தார். “உங்க வீட்டுப் போர்வையாம்மா?” என்றார். “ஆமா சார், எனக்குக் குளிரே தெரியாது, ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துட்டேன்” என்றேன்.

மேற்கு ஜன்னலுக்குக் கொக்கி போட்டாயிற்றா? இன்னும் ஒன்று கேட்க வேண்டும். வியாழக்கிழமைப் பிரார்த்தனைக்கு நீங்கள் ஒரு நோட்டு வைத்திருப்பீர்கள். தேதி, வந்தவர்கள், யாருக்காக வேண்டியது என்று மூன்று பத்தியாகக் கோடு போட்டிருப்பீர்கள். அது இன்னும் இருக்கிறதா?

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

சின்னவள்


ஏப்ரல் 29

சின்னவளுக்கு,

நாங்கள் நலம். போர்வைக் கதையை ரேடியோவிடம் சொன்னேன். “உங்க நாத்தனார் நம்ம செட்டு ஆன்ட்டி” என்று சிரித்தது.

மேற்கு ஜன்னலுக்குக் கொக்கி போட்டாயிற்று. கட்டடத்தைச் சுத்தம் செய்யும் வேலை முக்கால்வாசி முடிந்தது. முதல் நாள் கதவைத் திறந்தபோது புறாக்கள் எங்கள் தலைக்கு மேலாகப் பறந்து போயின. ஒயரிங் வேலைக்காரர் பயந்துபோய் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, விட்டபின் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார். போர்டு அப்படியே இருக்கிறது. சொருகும் கயிறுகள்தான் எலி கடித்துத் தொங்குகின்றன. அதை அப்புறப்படுத்த வேண்டாம், நாடகத்துக்குப் பின்னணியாக நிற்கட்டும் என்று இளைஞர்கள் அடம் பிடிக்கிறார்கள்.

உள்ளே கிடந்த பொருள்களுக்கெல்லாம் எண் போட்டுப் பட்டியல் எடுத்திருக்கிறேன். ஒரு நகல் இத்துடன் வைத்திருக்கிறேன். சில சாமான்கள் என்னவென்றே எங்களுக்குத் தெரியவில்லை. நீ பார்த்துச் சொன்னால் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும்போது பக்கத்தில் எழுதி வைப்போம். கடைசிப் பக்கத்தில்தான் சந்தேகம் அதிகம். 38 ஹெட்செட் இரண்டு, ஒன்றில் வார் அறுந்திருக்கிறது. 39 தோல் உறை போட்ட சிறிய மணி, எதற்கென்று தெரியவில்லை. 40 வாசல் காவலர் நாற்காலி. 42 சுவர்க் கடிகாரம், ஓடவில்லை. 43 பித்தளைப் பூட்டு, சாவி இல்லை.

அந்த ஒரு வரியைப் பற்றிப் பெரிய சார் இரண்டு தடவை கேட்டுவிட்டார். எழுதிவிடேன்.

வெயிலில் அலையாதே. உன் நினைவாகவே இருக்கிறேன்.

அண்ணி


மே 21

அண்ணிக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பட்டியலைப் பார்த்தேன். உங்கள் எழுத்து அன்றுபோல அப்படியே இருக்கிறது.

39 இரவுப் பணிக்காரருக்கான மணி. தோல் உறை எதற்கென்றால், கீழே இருக்கும் காவலர் விழிக்காமல் மேலே இருக்கிறவர் மட்டும் விழிப்பதற்கு. நடைமுறையில் இருவருமே விழிக்க மாட்டார்கள். 38-இல் இரண்டாவது ஹெட்செட் வேலை பழகுகிறவர்கள் மாட்டிக்கொள்வதற்கு. பழகாதவர்களும் ஒரு தடவை மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். கடிகாரம் நாங்கள் இருந்தபோதும் ஓடவில்லை.

40-க்கு அடுத்து 42 வருகிறது. நீங்கள் எண்ணைத் தவறவிடுகிற ஆள் இல்லையே, அண்ணி.

காவலர் நாற்காலி மேல் எப்போதும் ஒரு பொருள் இருக்கும். வருகைப் பதிவேடு. வெளியாள் யார் மேலே ஏறினாலும் பெயரும் நேரமும் எழுதிவிட்டுத்தான் ஏற வேண்டும். எனக்குச் சாப்பாடு கொண்டுவரும்போதெல்லாம் நீங்கள் நிமிஷம் பிசகாமல் எழுதுவீர்கள். “உங்க அண்ணி என்னம்மா, ரயில் நேரம் மாதிரி எழுதுறாங்க” என்று காவலர் கேலி செய்வார்.

விசாரணையில், கால் வந்தபோது அறையில் வேறு யாராவது இருந்தார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். கீழே போய் அந்தப் புத்தகத்தை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதற்கு வருத்தம் தெரிவிக்கச் சொன்னால் தெரிவிக்கிறேன். வேறு எதற்கும் என்னிடம் வரி இல்லை. மன்னித்துவிட்டேன் என்று அந்தப் பெண் சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணனுக்கு அப்போதெல்லாம் இருமல் வருமே, இப்போது பரவாயில்லையா?

சின்னவள்


ஜூன் 2

சின்னவளுக்கு,

நலம். உன் அண்ணனுக்கு இருமல் இல்லை. மணிக்கும் ஹெட்செட்டுக்கும் நீ எழுதியதை அப்படியே அட்டையில் எழுதி ஒட்டிவிட்டோம்.

எண் விட்டுப்போனது என் கவனக்குறைவு. கண் முன்போல இல்லை, கண்ணாடி மாற்ற வேண்டும். நாற்காலி மேல் எதுவும் இல்லை. திறப்பு விழா ஆகஸ்ட் முதல் ஞாயிறு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


ஜூலை 5

அண்ணிக்கு,

நலம். கண்ணாடி மாற்றிவிட்டீர்களா?

பட்டியலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

சின்னவள்


ஜூலை 19

சின்னவளுக்கு,

அன்று போர்டு அறையில் இருந்தவர்கள்: நீ, நான். மொத்தம் இருவர்.

உள்ளே வந்த நேரம் பன்னிரண்டு நாற்பது. வெளியே போன நேரம் ஒன்று இருபத்தைந்து. பதிவேட்டில் என் கையெழுத்தோடு இருக்கிறது. நீ ஓரமாகத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். “அண்ணி, அதைத் தொடாதீங்க, என் வேலைக்கு உலை வெச்சுடுவீங்க” என்று வாயில் சோற்றோடு சொன்னாய். சும்மா விளையாட்டுக்குத்தான் இரண்டாவது ஹெட்செட்டைக் காதில் மாட்டினேன். டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை.

அந்த வியாழக்கிழமை பிரார்த்தனைக்கு வந்தவர்கள் பதினொரு பேர். நான்தான் எழுந்து, மருந்துக்கடைக்காரர் மகளுக்கு வலிப்பு நீங்க வேண்டிக்கொள்வோம் என்றேன். அவளுக்காகத்தான் சொன்னேன் என்று இத்தனை வருஷம் கடவுளிடமே வாதாடியிருக்கிறேன். ஆனால் சொன்ன அந்த நேரத்தில் பத்துப் பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படிக்காதவள் பேச்சை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. கூட்டத்தில் பேசியது வெளியே போகக் கூடாது என்பது எங்கள் விதி. அதனால் எங்கே கேட்டோம் என்பதை மட்டும் ஒருத்தியும் வெளியே சொல்லவில்லை. செய்தி போயிற்று.

உன் அண்ணன் என்னிடம், “அவ உங்கிட்ட ஏதாவது சொன்னாளா?” என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியபோது நான் அடுப்படியில் நின்று பாத்திரம் தேய்த்தேன். சுத்தமாக இருந்த பாத்திரம்.

நீ கேட்ட நோட்டு இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கிழிக்கவும் இல்லை, அதற்குப் பிறகு திறக்கவும் இல்லை. சுத்தம் செய்யும்போது கிடைத்த பதிவேட்டைக் காய்கறிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, கும்பிடும் இடத்தில் விரிப்புக்கு அடியில் வைத்தேன். திருட்டுப் பொருளுக்கு எதிரே உட்கார்ந்து மூன்று மாதம் வேண்டுதல் செய்திருக்கிறேன். ஆனால் கடிகாரத்துக்கு 41 என்று போட வரவில்லை. பேனாவை வைத்து வைத்துப் பார்த்தேன், கை ஓடவில்லை. நீ பட்டியலைத் திருப்பி அனுப்பியபோது, 40-க்கும் 42-க்கும் நடுவில் ‘41’ என்று மட்டும் எழுதிப் பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாய். இருபத்தேழு வருஷமாக நீ என்னிடம் வேறு எதுவும் கேட்டதில்லை.

உனக்கு முதலில் எழுதாமல் கூட்டத்தில் முதலில் சொன்னேன். எழுதியிருந்தால், “விடுங்க அண்ணி” என்று நீ பதில் போட்டாலும் போட்டிருப்பாய். அதைப் பிடித்துக்கொண்டு நான் வாயை மூடியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

சென்ற ஞாயிறு அதே ஒன்பது பேர். பதிவேட்டை மேசை மேல் வைத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, என் பெயரை நானே வாசித்தேன். மற்றதையும் சொன்னேன். ரேடியோகூடப் பேசவில்லை.

மருந்துக்கடைக்காரர் மகள் கேட்டாள்: “எனக்காக வேண்டிக்கத்தான் சொன்னீங்களா?”

“ஆமாம்மா.”

“நாலு வீடு தள்ளித்தானே இருந்தேன். எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்று, “இவ்வளவு வருஷம் ஆளை மாத்தி மன்னிச்சுட்டு இருந்திருக்கேன். உங்களை மன்னிக்கறதுக்கு நான் இனிமேதான் முதல்லேருந்து ஆரம்பிக்கணும். வருமான்னு தெரியல” என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் கடைப்பக்கம் போனேன். வேறு யாருக்கோ மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பி வந்துவிட்டேன்.

உன் அண்ணன் பதிவேட்டைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். “உன் எழுத்துதான்” என்றார். அவ்வளவுதான்.

“ஆன்ட்டி, இன்னிக்குக் குறிப்பு நான் எழுதட்டுமா?” என்று ரேடியோ மெதுவாகக் கேட்டது. நானே எழுதுகிறேன் என்றேன். உன்னிடம் வருத்தம் கேட்கும் தீர்மானம் ரத்து என்றும், காரணம் இன்னது என்றும் என் கையாலேயே எழுதினேன். பட்டியலில் ‘41 வருகைப் பதிவேடு, ஒன்று’ என்று சேர்த்தேன். வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கத்தைப் படித்தேன். பழையவர்களில் மூன்று பேர்தான் இப்போது இருக்கிறார்கள். மூவரும் தரையைப் பார்த்தார்கள்.

உன் அண்ணன் நாலு நாள் என்னிடம் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தானே எடுத்து, தானே கழுவி வைத்தார். ஏழு வரிக்கு அறுத்த பலகை பட்டறைச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. வேறொரு மரத்தை எடுத்து இழைத்துக்கொண்டிருந்தார். நேற்று இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, “எட்டு வரிக்கு இழைச்சிருக்கேன். அவ பேரைப் போடலாமான்னு அவகிட்டக் கேட்டு எழுது. நீயா முடிவு பண்ணாதே” என்றார். உறையின் மேல் இருக்கும் கையெழுத்தைப் பார்த்திருப்பாய். விலாசத்தை நான் சொல்லச் சொல்ல அவர்தான் எழுதினார். ஊர்ப் பெயரில் ஒரு அடித்தல் இருக்கும், பொறுத்துக்கொள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டு இந்தக் கடிதத்தில் ஒரு வரியும் எழுதவில்லை. உன்னிடம் ஒரு வரி கேட்டவள் நான். எனக்கு அந்த வாய் இல்லை.

முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, சாப்பிடுகிறேன். பெயின்டர் வெள்ளிக்கிழமை வருகிறார். முதல் ஏழு பெயர்களையும் எழுதிவிட்டு எட்டாவது வரியைக் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன். உன் பெயரை எழுதலாமா, வேண்டாமா? திறப்பு விழாவுக்கு முன்னால் தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் எழுது.

அண்ணி